புது லோடு வண்டியா, செகண்ட் ஹேண்டா? முதல் முறை பிக்கப் வாங்குபவருக்கு ஒரு செய்முறை

லோடு வண்டி எடுக்கலாம் என்றிருக்கிறேன், புதுசு எடுக்கவா பழசு எடுக்கவா என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது, மாதத்தில் வண்டி எத்தனை நாள் ஓடும் என்பதைத்தான். எந்த மாடல், எந்த கலர், டவுன் பேமென்ட் எவ்வளவு என்பதெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பார்கள், இதற்கு மட்டும் பதில் வராது. குட்டியானை, தோஸ்த், பொலேரோ பிக்கப், இன்ட்ரா, சூப்பர் கேரி என்று நம்மூர் ரோட்டில் ஓடும் சின்ன சரக்கு வண்டிகளை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். ஊர் சுற்ற எடுக்கும் டபுள் கேபின் வண்டிகளுக்குக் கணக்கே வேறு.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுப் பணமும் கையில் இருந்தால் பழசு எடுங்கள். கடனில்தான் எடுக்க வேண்டும், ஆனால் நிச்சயமான லோடு இருக்கிறது என்றால் புதுசு. பணமும் இல்லை, லோடும் உறுதியில்லை என்றால் இப்போதைக்கு எதுவும் வேண்டாம். ஏன் என்பது இரண்டாவது படியில் தெரியும்.

முதல் படி: நடைக் கணக்கு

ஒரு நோட்டை எடுத்து, யார் யார் உங்களுக்கு லோடு கொடுப்பார்கள் என்று பெயர் போட்டு எழுதுங்கள். "மார்க்கெட்டில் நின்றால் கிடைக்கும்" என்பது இதில் சேராது. ஒவ்வொருவரிடமிருந்தும் வாரத்துக்கு எத்தனை நடை, எவ்வளவு தூரம், என்ன பொருள், எத்தனை கிலோ, திரும்பி வரும்போது காலியாகவா லோடோடவா, எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் எந்த மாதம் படுத்துவிடும் என்றும் பாருங்கள். கட்டடப் பொருள் ஏற்றுபவருக்கு ஐப்பசி கார்த்திகை மழையில் பாதி நாள் வேலை இருக்காது, வீடு காலி செய்யும் லோடை நம்பியிருப்பவருக்கு ஆடி மாதம் வெறும் மாதம்.

எடையை வைத்துத்தான் வண்டி முடிவாகும். முக்கால் டன்னுக்குள் என்றால் குட்டியானை, சூப்பர் கேரி வகை போதும். ஒன்றேகால் டன்னிலிருந்து ஒன்றரை டன் வரை தோஸ்த், இன்ட்ரா வகை. அதற்கு மேல் பொலேரோ பிக்கப்பின் பெரிய ரகம், படா தோஸ்த். இதில் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள்: வண்டியும் லோடும் சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் போகாத சரக்கு வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி பர்மிட் தேவையில்லை. 1.7 டன் ஏற்றும் பொலேரோ அந்த எல்லையைத் தாண்டிவிடும். ஆர்.சி.யில் மொத்த எடை என்று போட்டிருப்பதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

லைசென்ஸ் பற்றி ரொம்பக் குழம்ப வேண்டாம். எல்.எம்.வி. (இலகு ரக வாகன) லைசென்ஸ் இருந்தால் 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியைத் தனி அனுமதி இல்லாமலே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது.

இரண்டாவது படி: டியூ கணக்கு

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒரு உதாரணம் போடுவோம், நீங்கள் உங்கள் கொட்டேஷனில் உள்ள எண்களை இதே மாதிரி போட்டுக்கொள்ளுங்கள். கையில் 2 லட்சம் இருக்கிறது. புது வண்டி ஆன் ரோடு 10 லட்சம், மீதி 8 லட்சத்துக்கு 10 சதவீத வட்டியில் ஐந்து வருஷக் கடன். மாத டியூ சுமார் 17,000 ரூபாய் வரும். மாதத்தில் 24 நாள் வண்டி ஓடுகிறது என்றால், சாவியைத் திருப்புவதற்கு முன்பே தினமும் 700 ரூபாய் போய்விட்டது, டீசல், டிரைவர் சம்பளம், டோல் எல்லாம் இதற்கு மேல்.

அதே 2 லட்சத்தைக் கொடுத்து 5 லட்சத்துக்கு ஒரு பழைய வண்டி எடுக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மீதி 3 லட்சத்துக்கு ஃபைனான்ஸ்காரர், வட்டி பத்து சதவீதம்தான், மூன்று வருஷத்தில் முடிந்துவிடும் என்பார். அது ஃபிளாட் வட்டியா, குறையும் வட்டியா என்று அந்த இடத்திலேயே கேட்டுவிடுங்கள். ஃபிளாட் என்றால் நீங்கள் அசலைக் கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும் வட்டி மட்டும் முழு 3 லட்சத்துக்கே ஓடும்; மூன்று வருஷத்துக்கு 90,000 வட்டி, மாதம் 10,833 ரூபாய். வங்கிகள் சொல்லும் குறையும் வட்டியில் பார்த்தால் இது கிட்டத்தட்ட 18 சதவீதம்! பழைய வண்டிக்கு ரிப்பேருக்கென்று மாதம் 5,000 ரூபாயாவது ஒதுக்க வேண்டும், டயர், பேட்டரி, கிளட்ச் பிளேட் எது எப்போது கையை நீட்டும் என்று சொல்ல முடியாது. ஆக மாதம் 15,800 ஆகிவிட்டது. புது வண்டிக்கும் இதற்கும் வித்தியாசம் ஆயிரத்துச் சில்லறை. அந்த ஆயிரத்துக்காக வாரன்டி இல்லாத வண்டியை எடுத்து, அது பட்டறையில் ஒரு வாரம் படுத்தால் வாடகையும் போய் டியூவும் கட்ட வேண்டிய நிலை தேவையா? மூன்று வருஷத்தில் கடன் முடியும் என்பது உண்மைதான், ஆனால் அந்த மூன்று வருஷத்தைத் தாண்ட வேண்டுமே.

அதே 5 லட்சத்தையும் ரொக்கமாகக் கொடுத்து எடுத்தவருக்குக் கதையே வேறு. அவருக்கு மாதம் அந்த ரிப்பேர் ஒதுக்கீடு மட்டும்தான். லோடு இல்லையா, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு வேறு வேலைக்குப் போகலாம், ஒருத்தரும் வந்து கதவைத் தட்டப் போவதில்லை. கடைக்குச் சொந்தமாகச் சரக்கு எடுக்க வாரத்தில் இரண்டு மூன்று நாள் மட்டும் வண்டி வேண்டியவர்கள் இந்த வழியில்தான் போக வேண்டும். புது வண்டியைக் கடனில் எடுத்து வாசலில் நிறுத்துவது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை, குட்டியானையாக இருந்தாலும் சரி.

அதற்காகக் கடனில் புதுசு எடுப்பது பத்திரம் என்றும் நினைத்துவிடாதீர்கள். மேலே சொன்ன 8 லட்சக் கடனில் ஒரு வருஷம் ஒழுங்காகக் கட்டி முடித்த பிறகும் அசல் பாக்கி 6.70 லட்சம் நிற்கும். அந்த ஒரு வருஷத்தில் வண்டி செகண்ட் ஹேண்ட் ஆகியிருக்கும். தொழில் ஒத்துவரவில்லை என்று விற்றால் கடனை அடைத்த பிறகு கையில் எவ்வளவு மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால்தான் நிச்சயமான லோடு வேண்டும் என்கிறேன். ஏதாவது கம்பெனியிலோ மொத்த வியாபாரியிடமோ மாத வாடகைக்கு ஒப்பந்தம் இருந்தால் தைரியமாகப் போகலாம். இல்லையென்றால் சில மாதம் வேறொருவர் வண்டியை வாடகைக்கு ஓட்டி மார்க்கெட்டைப் பாருங்கள்.

இன்சூரன்ஸையும் கணக்கில் சேருங்கள். 7,500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் மட்டும் வருஷத்துக்கு 16,049 ரூபாய், 2022 ஜூனில் நிர்ணயித்த தொகை, வரி தனி. வண்டி ஷோரூமிலிருந்து வந்ததா பத்து வருஷப் பழசா என்று அது பார்ப்பதில்லை. பழைய வண்டி என்பதால் இன்சூரன்ஸ் ரொம்பக் குறையும் என்று யாராவது சொன்னால் அது ஓன் டேமேஜ் (நம் வண்டியின் சேதத்துக்கான) பகுதிக்குத்தான் பொருந்தும்.

மூன்றாவது படி: ஜி.எஸ்.டி. குறைந்ததை மறக்காதீர்கள்

சரக்கு வண்டிக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம். அடிப்படை விலை 7 லட்சம் உள்ள வண்டி முன்பு 8.96 லட்சம், அதுவே இந்த வரியில் 8.26 லட்சம். 70,000 ரூபாய் வித்தியாசம். பழைய வண்டி விற்பவர் "நான் எடுத்த விலை இவ்வளவு" என்று பழைய பில்லைக் காட்டிப் பேசினால், அதே வண்டி இன்று புதுசாக எவ்வளவு என்பதிலிருந்துதான் பேரம் தொடங்க வேண்டும்.

நீங்கள் ஜி.எஸ்.டி. பதிவு உள்ள வியாபாரியா? அப்படியானால் உங்கள் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சரக்கு ஏற்றும் வண்டிக்குக் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜி.எஸ்.டி.யில் கழித்துக்கொள்ள முடியும், காருக்கு அது கிடையாது. 7 லட்சம் அடிப்படை விலைக்கு 1.26 லட்சம் இப்படித் திரும்பும். கம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு இது இல்லை. இந்த ஒரு விஷயமே சிலருக்குப் புதுசா பழசா என்பதைத் தீர்த்துவிடும்.

நான்காவது படி: பழசு என்றால் எத்தனை வயது

சரக்கு வண்டிக்கு எட்டு வயது வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று), அதற்குப் பிறகு வருஷா வருஷம். ஒவ்வொரு எஃப்.சி.க்கும் டிங்கரிங், பெயின்ட், பிரேக் என்று ஒரு தொகை போகும், சில நாள் வண்டியும் நிற்கும். 15 வயதைத் தாண்டினால் எஃப்.சி. கட்டணமே 2022 ஏப்ரலில் இருந்து பல மடங்கு. அதனால் மூன்றிலிருந்து ஆறு வயதுக்குள் பார்ப்பது நல்லது.

இன்னொரு கோடு 2020 ஏப்ரல். அதற்குப் பிறகு பதிவானவை பி.எஸ்.6, அதாவது கடுமையான புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி வந்தவை. அதற்கு முந்தைய பி.எஸ்.4 டீசல் வண்டிகளை எந்த ஊர்ப் பட்டறையிலும் பிரித்து மாட்டிவிடுவார்கள். பி.எஸ்.6 டீசலில் புகையை வடிகட்டும் அமைப்புகளும் சென்சார்களும் கூடுதல், ஸ்கேனர் இல்லாத மெக்கானிக் கை வைக்க முடியாது. உங்கள் ஊரில் சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் தூரம் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். ஊருக்குள்ளேயே குறைந்த தூரம்தான் ஓட்டம் என்றால் பெட்ரோல் அல்லது சி.என்.ஜி. வண்டி தொல்லை குறைவு என்பது என் எண்ணம்.

ஐந்தாவது படி: வண்டியைப் பார்ப்பது

காலையில் போங்கள், நான் வரும் முன் ஸ்டார்ட் பண்ண வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள். போனதும் இன்ஜின் மேல் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும் வண்டியாக இருக்கலாம். ஸ்டார்ட் செய்ததும் ஒருவரைப் பின்னால் நிறுத்தி சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் இன்ஜெக்டரோ ஏர் ஃபில்டரோ. வெள்ளைப் புகை கொஞ்ச நேரத்தில் நின்றால் பரவாயில்லை, சூடான பிறகும் வந்தால் வேண்டாம். அப்புறம் இன்ஜின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியை மெதுவாகத் திறங்கள், அங்கிருந்து குபுகுபுவென்று புகை தள்ளினால் ரிங் தேய்ந்த இன்ஜின். பிரிக்கிற செலவைக் கழித்துப் பேசுங்கள், இல்லை நடையைக் கட்டுங்கள்.

கிலோமீட்டரை நம்பாதீர்கள். மீட்டரில் நாற்பதாயிரம் என்று காட்டும், பிரேக் பெடல் ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து இரும்பு தெரியும். டயர் ஓரத்தில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2321 என்றால் 2021ஆம் வருஷம் 23ஆவது வாரம் செய்த டயர். 2023 வண்டியில் 2019 டயர் மாட்டியிருந்தால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

என்னைக் கேட்டால் இன்ஜினைவிட முக்கியம் அடிப்பகுதி. படுத்துப் பாருங்கள், சட்டை அழுக்கானால் ஆகட்டும். பின்பக்க ஸ்பிரிங் பட்டையை எண்ணி அதே மாடல் வேறு வண்டியோடு ஒப்பிடுங்கள். கூடுதல் பட்டை போட்டிருந்தால் அந்த வண்டி எம் சாண்ட், செங்கல் என்று ஓவர்லோடு சுமந்திருக்க வாய்ப்பு அதிகம். கேபினுக்குப் பின்னால் சேசிஸில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) விரிசலோ வெல்டிங்கோ இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். மற்ற இடமெல்லாம் மண் அப்பியிருக்க அங்கே மட்டும் புதுக் கறுப்புப் பெயின்ட் என்றால் சந்தேகப்படுங்கள். தூத்துக்குடி உப்பு, ராமேஸ்வரம் மீன் ஏற்றிய வண்டிகள் வெளியே பளபளவென்றிருந்தாலும் அடியில் துருப்பிடித்து இரும்பு உரியும், பாடியில் வாசனையும் காட்டிக்கொடுக்கும். பூ, முட்டை, பிரெட் ஏற்றிய வண்டி கிலோமீட்டர் அதிகம் ஓடியிருந்தாலும் எனக்கு அதுதான் பிடிக்கும்.

கடைசியாக, முடிந்தால் லோடோடு ஓட்டிப் பாருங்கள். காலி வண்டியில் கிளட்ச் ஸ்லிப் ஆவது எளிதில் தெரியாது. புரோக்கர் கூட்டி வரும் மெக்கானிக் வேண்டாம், உங்களுக்குத் தெரிந்தவருக்குக் கூலி கொடுத்துக் கூட்டிப் போங்கள்.

புதுசு எடுக்கிறவர்களுக்கு இந்த வேலை குறைவு. வண்டித் தகட்டில் தயாரிப்பு மாதம், வருஷம் பாருங்கள், போன வருஷ ஸ்டாக் என்றால் தள்ளுபடி கேளுங்கள். சொல்லும் விலையில் பாடி சேர்ந்திருக்கிறதா, வெறும் கேபினும் சேசிஸுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். வாரன்டி வருஷக் கணக்கில் மட்டும் அல்ல, கிலோமீட்டர் கணக்கிலும் இருக்கும், எது முந்துகிறதோ அதோடு முடிந்தது.

ஆறாவது படி: பேப்பர்

பழைய வண்டிக்கு டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே எம்பரிவாகன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டு எஃப்.சி., இன்சூரன்ஸ் எதுவரை, எச்.பி. (வண்டி மேல் கடன் அடமானம்) இருக்கிறதா என்று பாருங்கள். இ-செலான் பாக்கியையும் பாருங்கள், சரக்கு வண்டியில் அது சத்தமில்லாமல் ஆயிரக்கணக்கில் சேர்ந்திருக்கும். சாலை வரியும், வயதான வண்டி என்றால் பசுமை வரியும் கட்டியிருக்கிறதா என்று ரசீதோடு கேளுங்கள். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு ஓர் எழுத்து விடாமல் ஒப்பிடுங்கள். ஃபைனான்ஸ் சீஸ் செய்த வண்டி மலிவாக வரும், ஆனால் ஓட்டிப் பார்க்க விடுவது அரிது, பேப்பர் கைக்கு வர இழுத்தடிப்பதும் உண்டு; முதல் வண்டிக்கு அது வேண்டாம்.

எச்.பி. இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் என்.ஓ.சி.யும் (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கையெழுத்திட்ட படிவம் 35-உம் வரும் வரை முழுப் பணம் கொடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29 இரண்டு பிரதி, படிவம் 30. வெளி மாநில வண்டி என்றால் படிவம் 28 என்.ஓ.சி.யும் வேண்டும். "அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்" என்று விற்பவர் சொன்னால் அவருக்கே சொல்லுங்கள்: ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ விபத்து இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. உடனே ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு வண்டியேறுவார்.

இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற 14 நாள்தான், விற்பவரின் நோ கிளைம் போனஸ் (கிளைம் எடுக்காததற்கான தள்ளுபடி) உங்களுக்கு வராது, அதற்கான வித்தியாசத்தைக் கட்ட வேண்டியிருக்கும். பழைய ஃபாஸ்டேக்கை விற்பவரே மூடிவிடச் சொல்லுங்கள், அவர் மூடாதவரை உங்களுக்குப் புதுசு தருவதில் சிக்கல் வரும், நீங்கள் டோலைத் தாண்டும்போதெல்லாம் அவர் கணக்கில் பணம் போய் அவர் உங்களுக்கு போன் போட்டுக்கொண்டே இருப்பார்.