வெயில் பகலுக்கு ஒரு வெட்டிவேர் கொலோன்: 30 மில்லி கலக்கும் முறை

சித்திரை வெயிலில் பகல் பதினொரு மணிக்கு வெளியே போகும் ஆணுக்கு ஊது (அகில் வாசனை), வனிலா, அம்பர் எதுவும் ஒத்துவராது. உடம்புச் சூட்டில் எல்லாம் ஒரேயடியாக எழும்பி, பஸ்ஸில் பக்கத்தில் நிற்பவருக்குத் தலைவலி வரவைக்கும். மேலே எலுமிச்சை இனத்தின் பளிச்சும், அடியில் காய்ந்த வேரின் மணமும் இருந்தால் போதும்.

புதிதாகக் கலக்குபவர்கள் அநேகமாக எல்லோரும் செய்யும் தப்பு, "நிற்கவே மாட்டேங்குது" என்று எலுமிச்சை எண்ணெயைக் கூட்டிக்கொண்டே போவது. அந்த எண்ணெயில் பெரும்பங்கு லிமோனின். வெயிலில் அது சீக்கிரமே ஆவியாகிவிடும். அளவை இரட்டிப்பாக்கினாலும் கால் மணி நேரம் கூடுதலாக நிற்கும், அவ்வளவுதான். எலுமிச்சை போன பிறகும் 'புதுசு' என்ற உணர்வைத் தாங்கிப் பிடிக்க வேறு சரக்கு வேண்டும். கொலோன் என்பதே 1709-இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஃபரீனா என்ற வாசனை நிறுவனம் தொடங்கிய வகை. 1966-இல் வந்த 'ஓ சோவாஜ்' என்ற ஆண்கள் வாசனைத் திரவியம், மல்லிகைச் சாயல் கொண்ட செயற்கை வாசனைப் பொருளான ஹெடியோனை அதற்குள் சேர்த்தது. நாமும் அதே வழியில்தான் போகிறோம்.

வாங்க வேண்டியவை

ஆல்கஹால்: 95 சதவீதத்துக்குக் குறையாத எத்தனால், 'பெர்ஃப்யூமர்ஸ் ஆல்கஹால்' என்று விற்பது. சர்ஜிக்கல் ஸ்பிரிட், சானிடைசர், ஐசோபுரோபைல் எதுவும் வேண்டாம். அவற்றின் வாடை மேலே நிற்கும். பெயின்ட் கடை ஸ்பிரிட்டைத் தொடவே தொடாதீர்கள். அதில் மெத்தனால் இருக்கலாம். அது தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும் விஷம்.

பெர்கமாட் (எலுமிச்சை இனப் பழம் ஒன்றின் தோல் எண்ணெய்): லேபிளில் 'பெர்காப்டென் நீக்கியது' என்று இருக்க வேண்டும். இதில் சமரசமே கிடையாது, காரணம் கீழே.

வெட்டிவேர் எண்ணெய்: ஜாவா சரக்கில் புகை வாடை அதிகம், பகலுக்குக் கனம். ஹைட்டி சரக்கு சுத்தமாக இருக்கும், என் ஓட்டு அதற்கே. நம் பக்கத்து எண்ணெயில் மண்வாசனை தூக்கல்; அது பிடித்தால் தாராளமாகப் போடலாம். பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் 'வெத்திவேர்' நம் வெட்டிவேரேதான், தமிழிலிருந்து போன சொல்.

மீதி: ஹெடியோன், ஐசோ ஈ சூப்பர், டைஹைட்ரோமிர்செனால், ஆம்ப்ராக்சன் (நான்கும் செயற்கை வாசனைப் பொருள்கள்), எலுமிச்சை, பெட்டிகிரெய்ன் (கசப்பு ஆரஞ்சு இலை எண்ணெய்), லாவெண்டர் எண்ணெய்கள். எலுமிச்சை இன எண்ணெய்களை 10 மில்லிக்கு மேல் வாங்காதீர்கள். வாங்கியதை ஃப்ரிட்ஜில் வையுங்கள். டர்பென்டைன் வாடை அடித்தால் கொட்டிவிடுங்கள். காற்றுப்பட்டுக் கெட்ட லிமோனின் தோலில் அலர்ஜியைக் கிளப்பும்.

0.01 கிராம் காட்டும் டிஜிட்டல் தராசு, ஒவ்வொரு சரக்குக்கும் தனி பிளாஸ்டிக் பிப்பெட் (சொட்டு விடும் உறிஞ்சு குழாய்), மூடியுள்ள கண்ணாடிக் குப்பி. சொட்டுக் கணக்கில் கலக்கச் சொல்லும் குறிப்புகளை நம்ப வேண்டாம். வெட்டிவேர்ச் சொட்டும் எலுமிச்சைச் சொட்டும் ஒரே எடை இல்லை.

முன்வேலை

ஆம்ப்ராக்சன் படிகமாக வரும். 1 கிராமை 9 கிராம் ஆல்கஹாலில் போட்டு, மூடி, குலுக்கி, முழுக்கக் கரையும் வரை விட்டுவிடுங்கள். கீழே '10% கரைசல்' என்பது இதுதான். வெட்டிவேர் எண்ணெய் பாகுபோல இருந்தால் குப்பியோடு வெந்நீர்க் கிண்ணத்தில் பத்து நிமிடம் வையுங்கள்.

அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி மூன்றையும் அணையுங்கள். இந்த ஆல்கஹாலின் ஆவி நம் ஊர் அறை வெப்பத்திலேயே பற்றிக்கொள்ளும்.

எடை போடுதல்

இங்கேதான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள். ஃபேனை நிறுத்துங்கள், காற்று பட்டால் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். குப்பியை வைத்து ஒரே ஒரு தடவை பூஜ்யமாக்குங்கள். ஒவ்வொரு சரக்குக்கும் மறுபடி பூஜ்யமாக்காமல், கூட்டு எடையைப் பார்த்தே ஊற்றுங்கள் (எல்லாம் கிராமில்):

வெட்டிவேர் 0.15 (தராசு காட்ட வேண்டியது 0.15)
லாவெண்டர் 0.15 (0.30)
பெட்டிகிரெய்ன் 0.20 (0.50)
டைஹைட்ரோமிர்செனால் 0.25 (0.75)
எலுமிச்சை 0.30 (1.05)
ஐசோ ஈ சூப்பர் 0.35 (1.40)
ஹெடியோன் 0.70 (2.10)
பெர்கமாட் 0.80 (2.90)
ஆம்ப்ராக்சன் 10% கரைசல் 0.10 (3.00)

கூட்டு எடைக்குக் காரணம் இருக்கிறது. மலிவுத் தராசுகள் பூஜ்யத்தில் நிற்கும்போது தட்டில் வரும் சின்ன மாற்றத்தைத் தங்கள் சொந்த நடுக்கம் என்று நினைத்துத் தாமே மறுபடி பூஜ்யமாக்கிக்கொள்ளும். நீங்கள் மெதுவாக ஒரு சொட்டு விடுவீர்கள், 0.00. இன்னொரு சொட்டு, அப்போதும் 0.00. மூன்றாவதில் திடீரென்று 0.03. உள்ளே இருப்பதோ அதைவிட இரண்டு மடங்கு. வெட்டிவேரில் இது நடந்தால் கொலோன் முழுக்க ஈரச்சாக்கு நாற்றம்தான்.

முதல் சரக்கு எப்படியும் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்கும். அதனால் சொட்டு விடும்போது குப்பியைத் தட்டிலிருந்து தூக்கி, விட்டு, மறுபடி வையுங்கள். தராசு ஏமாறாது. வெட்டிவேரை முதலில் போடச் சொல்வதும் இதற்காகத்தான்: கூடிவிட்டால் வேறெதுவும் கலக்காத நிலையில் பிப்பெட்டால் திருப்பி உறிஞ்சிவிடலாம்.

கை தவறிக் கூடினால் 0.02 கிராம் வரை ஹெடியோனில் பிரச்சினை இல்லை. ஆம்ப்ராக்சனிலும் வெட்டிவேரிலும் அந்த 0.02 மூக்குக்குத் தெரியும்.

ஆல்கஹாலும் தண்ணீரும்

மூன்று கிராம் கலவையை மூடி, ஒரு நாள் இருட்டில் வையுங்கள். மறுநாள் 20 கிராம் ஆல்கஹால் ஊற்றிச் சுழற்றுங்கள். இரண்டு வாரம் அலமாரிக்குள் இருக்கட்டும். முதல் நாள் வரும் ஸ்பிரிட் குத்தலை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள்.

பிறகு 2 கிராம் தண்ணீர். மருந்துக்கடையில் சின்ன பிளாஸ்டிக் ஆம்பூலில் விற்கும் ஊசித் தண்ணீர்தான் வசதி. சொட்டுச் சொட்டாக விட்டு ஒவ்வொரு தடவையும் சுழற்றுங்கள். மோர்போலக் கலங்கினால் அங்கேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் எண்ணெய் கரையாது. அரை அரை கிராமாக ஆல்கஹால் சேர்த்தால் தெளிந்துவிடும். தண்ணீரே சேர்க்காவிட்டாலும் குற்றமில்லை, தோலில் சுருக்கென்று இருக்கும், அவ்வளவே.

இறுக்கி மூடி ஒரு இரவு ஃப்ரிட்ஜில் வைத்து, குளிர்ந்தபடியே காபி ஃபில்டர் தாளில் வடிகட்டுங்கள். அடியில் தெரியும் மங்கிய படிவு எலுமிச்சைத் தோலின் மெழுகு. அதை விட்டால் ஸ்ப்ரே மூக்கு அடைத்துக்கொள்ளும்.

வெயிலும் தோலும்

சாதா பெர்கமாட் எண்ணெயில் உள்ள பெர்காப்டென், வெயில் பட்டதும் தோலைச் சுடும். முதலில் சிவப்பு, பிறகு மாதக்கணக்கில் போகாத கருந்திட்டு, அதுவும் ஸ்ப்ரே வழிந்த கோட்டின் வடிவத்திலேயே. அந்த எண்ணெய்க்கு வாசனைத் துறையின் சர்வதேச வரம்பு 0.4 சதவீதம்; நம் 25 கிராமில் (ஏறத்தாழ 30 மில்லி) 0.10 கிராம்தான். குளிர்ப்பிழிவு எலுமிச்சைக்கு 2 சதவீதம், நாம் போட்டிருப்பது 1.2. இரண்டும் சேர்ந்தால் வரம்புகளும் சேர்ந்து குறையும். ஆகவே சாதா பெர்கமாட்டில் 0.10 போட்டுவிட்டு எலுமிச்சையையும் வைத்துக்கொள்ள வழியில்லை.

அடிப்பது குளித்து, துவட்டி, உடம்பு முழுக்க உலர்ந்த பிறகு: நெஞ்சில் இரண்டு, பின்கழுத்தில் ஒன்று. அதற்கப்புறம் சட்டை. வியர்வைமேல் அடித்தால் புளித்த வாடையும் கூட வரும். இரண்டு மணி நேரத்தில் எலுமிச்சை போய், ஹெடியோனும் வேரும் மட்டும் நெருங்கி வருபவருக்குத் தெரியும். மதியத்துக்கு 5 மில்லி குட்டி ஸ்ப்ரே எடுத்துப்போங்கள். பைக் டிக்கியில் மட்டும் வைக்காதீர்கள், ஒரே வாரத்தில் நிறம் மாறிவிடும்.

பின்சேர்க்கை 1: தோலைச் சீவி ஆல்கஹாலில் ஊறவைக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். தண்ணீரும் நிறமும் இறங்கும், சில நாளில் பழுப்பாகும், வெயில் ஆபத்து எவ்வளவு என்று அளக்கவும் முடியாது.

பின்சேர்க்கை 2: வெட்டிவேர் எண்ணெய்க்குப் பதில் கஸ் (வெட்டிவேர்) அத்தர் போட்டவர்களுக்குக் கலவை பிரிந்து நிற்கிறது. மலிவு அத்தர்களில் அடித்தளம் பெரும்பாலும் லிக்விட் பாரஃபின். அது ஆல்கஹாலில் கரையாது. ஒரு சொட்டு அத்தரை ஒரு மில்லி ஆல்கஹாலில் விட்டுப் பாருங்கள். குமிழாகத் தனியே நின்றால் அதைக் கையில் நேராகத் தடவிக்கொள்ளலாம், இந்தக் குப்பிக்கு ஆகாது.