ஹேம்குண்ட் ஏரிக்கு முதல் மலையேற்றம்: ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்

இமயமலையில் முதல் முறையாக நடக்கப் போகிறவர்கள் எங்கே போகலாம் என்று கேட்டால், நான் யோசிக்காமல் சொல்வது ஹேம்குண்ட். உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில், 4,000 மீட்டருக்கும் மேலே, ஏழு சிகரங்கள் சூழ இருக்கிற ஏரி அது. சீக்கியர்களின் புனிதத் தலம். கரையில் குருத்வாரா இருக்கிறது, பக்கத்திலேயே லட்சுமணனுக்கும் ஒரு கோயில் இருக்கிறது. கூடாரம் சுமக்க வேண்டாம், சமையல் சாமான் வேண்டாம். வழியெல்லாம் கல் பாவிய பாதை, அங்கங்கே டீக்கடை.

இவ்வளவு வசதி இருப்பதால்தான் நிறைய பேர் ஏமாந்து போகிறார்கள். தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ஹேம்குண்ட் போகும் வழியில் நீங்கள் இரவு தூங்கப்போகும் காங்கரியா கிராமம் அதைவிட உயரத்தில், 3,050 மீட்டர் அளவில் இருக்கிறது. நம் ஊர் உடம்பு அதுவரை அப்படியொரு காற்றைச் சுவாசித்ததே இல்லை. அதனால் இந்தப் பயணத்துக்கு நான் சொல்லும் முதல் விதி, காங்கரியாவில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது. மற்றதெல்லாம் அப்புறம்.

எப்போது, எப்படித் தயாராவது

வழக்கமாக மே கடைசி அல்லது ஜூன் தொடக்கத்தில் பாதை திறக்கும், அக்டோபரில் மூடிவிடுவார்கள். ஜூன் முதல் வாரங்களில் ஏரி உறைந்தே கிடக்கும், பாதையிலும் பனியை வெட்டி வழி விட்டிருப்பார்கள். முதல் முறை போகிறவர்களுக்கு நான் செப்டம்பரைத்தான் சொல்வேன். மழை குறைந்திருக்கும், பனி இருக்காது. ஜூலை, ஆகஸ்டில் பூக்கள் அதிகம்தான். ஆனால் மழையில் மலைச்சரிவு ஏற்பட்டு ரிஷிகேஷ் சாலை அடைபடுவது சகஜம். அந்த மாதங்களில் போவதென்றால், திரும்பும் டிக்கெட்டுக்கு முன்னால் இரண்டு நாள் சும்மா விட்டு வையுங்கள். யாத்திரைக்கு அரசு இணையதளத்தில் முன்பதிவு உண்டு, அதைக் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள்.

ஆறு வாரத்துக்கு முன்பே மாடிப்படி ஏறத் தொடங்குங்கள். சமதளத்தில் பத்து கிலோமீட்டர் நடப்பதைவிட, முதுகில் நாலைந்து கிலோ பையோடு அரை மணி நேரம் படி ஏறி இறங்குவது அதிகம் உதவும். இறங்குவதையும் பழக வேண்டும். முட்டி வலி வருவது அதில்தான். இதய நோய், ரத்த அழுத்தம், ஆஸ்துமா இருப்பவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் டிக்கெட் எடுக்க வேண்டும்.

பைக்குள் ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தித் துணி நனைந்தால் அந்தக் குளிரில் காயாது, உடம்புச் சூட்டையும் இழுத்துவிடும். சீக்கிரம் காயும் சட்டை, மேலே ஒரு கம்பளி, அதற்கு மேலே மழைக்கோட்டு. அப்புறம் குல்லா, கையுறை, மூன்று ஜோடி சாக்ஸ், கைத்தடி, டார்ச். ஷூவைப் புதிதாக வாங்கினால், குறைந்தது ஒரு மாதமாவது ஊரில் போட்டு நடந்து பழக்கிவிட்டு எடுத்து வாருங்கள்.

கோவிந்த்காட் வழியாகக் காங்கரியா

ரிஷிகேஷிலிருந்து ஜோஷிமட் ஏறக்குறைய 250 கிலோமீட்டர். மலைச்சாலை என்பதால் முழு நாள் போய்விடும். அன்று இரவு ஜோஷிமட்டில் தங்கி, மறுநாள் காலை கோவிந்த்காட் போங்கள். அங்கிருந்து புல்னா கிராமம் வரை ஜீப் போகும். அதற்கு மேல் சுமார் 10 கிலோமீட்டர் நடை. ஆறு கூடவே வரும், தேவதாரு நிழல் இருக்கும். கோவிந்த்காட்டிலிருந்து காங்கரியாவுக்கு ஹெலிகாப்டர் உண்டு. உடம்பு முடிந்தால் அதைத் தவிர்த்துவிடுங்கள். சில நிமிடங்களில் உயரத்துக்குப் போய் இறங்குவதைவிட, ஐந்தாறு மணி நேரம் நடந்து ஏறும்போது உடம்பு கொஞ்சமாவது பழகிக்கொள்கிறது.

இந்தப் பாதையில் ஒரு விஷயத்தைக் கண்டிப்பாகக் கற்றுக்கொள்ள வேண்டும். கோவேறு கழுதைகள் வரும் மணிச் சத்தம் கேட்டதும் மலைச் சுவர்ப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்தின் ஓரம் நிற்கவே கூடாது. அவற்றின் இருபக்கமும் மூட்டை தொங்கும், லேசாக இடித்தாலே நிலை தடுமாறும்.

அந்தக் கூடுதல் நாள்

நான் முதல் முறை போனபோது காங்கரியாவுக்கு வந்த மறுநாள் காலையே ஏரிக்குக் கிளம்பினேன். பாதி வழியில் பின்மண்டை வலிக்க ஆரம்பித்தது. பிஸ்கட்டைப் பார்த்தாலே குமட்டியது. கால் நன்றாகத்தான் இருந்தது, தலைதான் சரியில்லை. திரும்பிவிட்டேன். கீழே வந்து இரண்டு மணி நேரத்தில் வலி போய்விட்டது.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தலைசுற்றல் இவை உயரம் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்கான அடையாளங்கள். இவை இருக்கும்போது மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கினாலோ உடனே இறங்க வேண்டும், இருட்டாக இருந்தாலும் சரி. உயரத்துக்கு உடம்பு பழக உதவும் டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரிடம் கேட்காமல் போடாதீர்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆபத்தாகலாம்.

கூடுதல் நாளில் அறையில் படுத்துக் கிடக்க வேண்டியதில்லை. காங்கரியா தாண்டியதும் பாதை இரண்டாகப் பிரியும். இடப்பக்கம் போனால் பூப்பள்ளத்தாக்கு, யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களம். அது காங்கரியாவைவிடக் கொஞ்சம் உயரம். பகலில் அங்கே ஏறி நடந்துவிட்டு, இரவு கீழே வந்து தூங்குவதுதான் உடம்புக்குச் சரியான பயிற்சி.

ஏரிக்கு ஏறும் நாள்

தூரம் 6 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற்றம். விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்புங்கள். மேலே தங்க அனுமதி இல்லை, பிற்பகல் 2 மணிக்குள் இறங்கத் தொடங்கச் சொல்வார்கள். நீங்கள் உங்களுக்கென்று ஒரு நேரமும் வைத்துக்கொள்ளுங்கள்: பன்னிரண்டரை மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்பிவிடுவது.

பக்கத்தில் இருப்பவரோடு வாக்கியம் உடையாமல் பேச முடிகிறதா? அதுதான் சரியான வேகம். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகத்தைக் குறையுங்கள். செங்குத்தான இடத்தில் ஒரு அடிக்கு ஒரு மூச்சு. கால் வைத்து மூச்சை இழுத்து, பின் முட்டியை நேராக்கி ஒரு கணம் எடையை எலும்பில் நிறுத்தி, மூச்சை விட்டு அடுத்த அடி. பார்ப்பவர்களுக்கு நகராதது போல இருக்கும். ஓடி ஓடி உட்காருகிறவர்களை நீங்கள் கடந்து போவீர்கள். உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்துக்குள் எழுந்துவிடுங்கள், உடம்பு ஆறினால் குளிர் பிடிக்கும். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீரை ஒவ்வொரு வாயாகக் குடித்துக்கொண்டே இருங்கள்.

கடைசிப் பகுதியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட கற்படிகள் ஒரு குறுக்குவழியாக வரும். சுற்றிப் போகும் பாதையிலேயே ஏறுங்கள். படிகள் மூச்சின் தாளத்தைக் கெடுத்துவிடும்.

அந்த உயரத்தில் பாறை இடுக்குகளில், ஜூலை முதல் செப்டம்பர் வரை பிரம்ம கமலம் பூத்திருக்கும். நம் வீட்டுத் தொட்டிகளில் இரவில் மலர்ந்து, அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறோமே, அது ஒரு கள்ளி வகை. இது வேறு செடி. வெளிர்மஞ்சள் காகிதம் போன்ற இதழ்கள் உள்ளே இருக்கும் ஊதா நிற மொட்டுக்கொத்தை மழையிலிருந்து மூடிக் காக்கும். குனிந்து பாருங்கள், மோந்து பாருங்கள், பறிக்காதீர்கள்.

மேலே

கவிழ்த்த தாமரை போன்ற குருத்வாராக் கூரை முதலில் தெரியும். ஏரி அதன் பின்னால். தலையை மூடிக்கொண்டு, ஷூவைக் கழற்றிவிட்டுப் போங்கள். பலர் அந்தத் தண்ணீரில் முங்கிக் குளிப்பார்கள். வியர்த்து ஏறிய உடம்புக்கு அந்தக் குளிர் திடீர் அதிர்ச்சி, முதல் முறை கால் நனைத்தால் போதும். துடைத்துவிட்டு, பையில் வைத்திருக்கும் காய்ந்த சாக்ஸைப் போடுங்கள். குருத்வாராவின் இலவசச் சமையற்கூடமான லங்கரில் சுடச்சுடக் கிச்சடியும் டீயும் கொடுப்பார்கள், யார் வந்தாலும். கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டால் விரல்களுக்கு உயிர் வரும்.

இறங்கும்போது

கிளம்பும் முன் ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டுங்கள். குதிகாலைப் பின்னால் தள்ளி உட்காரவைத்து, கணுக்கால் வளைவில் நாடாவை இரண்டு முறை சுற்றி இறுக்க வேண்டும். இல்லையென்றால் பாதம் முன்னால் வழுக்கி, கட்டைவிரல் நகம் கறுத்துவிடும். கைத்தடியை முன்னால் ஊன்றி, முட்டியை லேசாக மடக்கி, சின்ன சின்ன அடியாக வையுங்கள். ஈரக் கல்லில் கழுதைச் சாணமும் சேர்ந்தால் எண்ணெய் போல வழுக்கும், அங்கே பேச்சை நிறுத்திவிட்டு நடங்கள்.

காங்கரியாவில் வெந்நீரை வாளிக் கணக்கில் விற்பார்கள். விலையைப் பேரம் பேசாதீர்கள். எரிபொருள் எல்லாம் அந்தப் பாதையில் முதுகில் ஏறி வந்ததுதான். காலை அதில் பத்து நிமிடம் வைத்துவிட்டுத் தூங்குங்கள்.