வீட்டு வைஃபையைப் பூட்டுவது எப்படி: கடலோர வீடுகளுக்கு ஒரு செய்முறை விளக்கம்

சென்ற மாதம் கீழக்கரையில் எனக்குத் தெரிந்த ஓர் அக்காவின் வீட்டுக்குப் போயிருந்தேன். "தம்பி, அவுக துபாயில இருந்து வீடியோ கால் போட்டா படம் நின்னு நின்னு போகுது, என்னன்னு பாருங்களேன்" என்றார். வைஃபை தரும் பெட்டியான ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைக் கைபேசியில் திறந்து, அதில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பார்த்தபோது அதில் பதினான்கு பெயர்கள் இருந்தன. அந்த வீட்டில் இருப்பவையோ மூன்று கைபேசிகள், ஒரு டிவி, ஒரு மடிக்கணினி, ஆக ஐந்துதான். முன்பு எப்போதோ பக்கத்து வீட்டுப் பையனின் ஆன்லைன் வகுப்புக்காகக் கொடுத்த கடவுச்சொல், அவனிடமிருந்து அவன் நண்பர்களுக்கும் எதிரில் உள்ள டீக்கடைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. "படிக்கிற பிள்ளை கேட்டா இல்லைன்னு எப்படித் தம்பி சொல்றது?" என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். அதற்கான விடை நான்காம் படியில் வருகிறது.

படம் நிற்பதை விடப் பெரிய சிக்கல் ஒன்று இதில் உண்டு. அந்த இணைப்பு அக்காவின் பெயரில், அவருடைய ஆதாரைக் கொடுத்து வாங்கியது. டீக்கடையில் உட்கார்ந்து யாரோ ஒருவர் அதன் வழியாக மிரட்டல் அனுப்பினால், இணைய நிறுவனத்தின் பதிவேடு காட்டப்போவது அக்காவின் பெயரையும் முகவரியையும்தான். 2008 ஜூலை 26 அன்று அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன் ஊடகங்களுக்கு வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் வசித்த ஓர் அமெரிக்கரின் வீட்டு வைஃபை வழியாக அனுப்பப்பட்டிருந்தது. அவருக்கு அதில் எந்தத் தொடர்பும் இல்லை என்று தெளிவாகும்வரை அவர் விசாரணையை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே வீட்டு இணைப்பைப் பூட்டுவது கணினி வேலை மட்டுமல்ல, நம்முடைய சட்டப் பாதுகாப்பும் அதில் அடங்கியிருக்கிறது என்றே நான் கருதுகிறேன். ஒரு கைபேசியும் ஒரு மணி நேரமும் இருந்தால் போதும்.

முதல் படி: பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

ரவுட்டரின் அடியிலோ பின்புறத்திலோ ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். உள்நுழையும் முகவரி, பயனர் பெயர், முதல் கடவுச்சொல் ஆகியவை பொடி எழுத்தில் அதில் இருக்கும். முதலில் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கத்து உப்புக்காற்றில் அந்த எழுத்து அழிந்துவிடுகிறது. தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் கடல் பார்த்த ஜன்னலோரம் வைத்திருந்த பெட்டியைத் திருப்பியபோது சீட்டு வெற்றுத்தாளாக இருந்தது, கேபிள் செருகும் துளைக்குள் இருந்த கம்பிகளில் பச்சைக் களிம்பு படிந்திருந்தது. முடிந்தால் பெட்டியை உள்ளறைக்கு மாற்றிவிடுங்கள். கம்பிகள் பிழைக்கும், தெருவுக்குப் போகும் சிக்னலும் சற்றுக் குறையும்.

இரண்டாம் படி: நிர்வாகக் கடவுச்சொல்லை மாற்றுங்கள்

தொடக்கநிலையில் உள்ளவர்கள் பெரும்பாலும் குழம்பும் இடம் இது. ரவுட்டருக்கு இரண்டு கடவுச்சொற்கள் உண்டு. ஒன்று, கைபேசியில் வைஃபையை இணைக்கும்போது கேட்பது, அது வீட்டு வாசல் சாவி. மற்றொன்று, ரவுட்டரின் அமைப்புகளையே மாற்ற விடுவது, அது பீரோ சாவி. வாசல் சாவியை மட்டும் மாற்றிவிட்டு பீரோ சாவியைத் தொழிற்சாலையில் வைத்தபடியே விட்டால், உள்ளே வந்த எவரும் எல்லாவற்றையும் திருப்பி மாற்றிவிடலாம்.

கைபேசியை உங்கள் வைஃபையில் இணைத்து, பிரவுசரின் முகவரிப் பட்டையில் சீட்டில் உள்ள எண்ணை அடியுங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். இணைப்பு பாதுகாப்பற்றது என்று எச்சரிக்கை வந்தால் அஞ்ச வேண்டாம். அந்தப் பக்கம் உங்கள் வீட்டுப் பெட்டிக்குள்ளேயே இருப்பதால் அதற்குச் சான்றிதழ் இராது. ஆனால் நீங்களே அடித்த முகவரியாக இருந்தால் மட்டுமே தொடருங்கள், யாரோ அனுப்பிய லிங்க்காக இருந்தால் கூடாது. உள்ளே போனதும் 'அட்மின்' அல்லது 'மேனேஜ்மென்ட்' என்ற பகுதியில் கடவுச்சொல்லை மாற்றி, ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். காகிதத்தில் எழுதுவது தவறு என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. இணையவழித் திருடன் உங்கள் பீரோவுக்குள் வந்து நோட்டைப் புரட்டப்போவதில்லை.

இது வெறும் அச்சுறுத்தல் அன்று. 2016இல் மிராய் என்ற தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களிலும் ரவுட்டர்களிலும் புகுந்து, அவற்றைப் படையாகத் திரட்டி, அவ்வாண்டு அக்டோபரில் அமெரிக்காவின் பல பெரிய இணையதளங்களை மணிக்கணக்கில் முடக்கியது. அந்தக் கருவிகளின் உரிமையாளர்களுக்குத் தங்கள் வீட்டுக் கேமரா அதில் பங்கேற்றது தெரிந்திருக்கவே வாய்ப்பில்லை.

மூன்றாம் படி: வைஃபை கடவுச்சொல்

'வயர்லெஸ்' பகுதியில் பாதுகாப்பு வகையை டபிள்யூபிஏ3 (WPA3) என்று வையுங்கள். பழைய கைபேசி இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2 போதும். வைஃபை கடவுச்சொல்லை அடிக்காமலே கருவியை இணைக்க விடும் டபிள்யூபிஎஸ் (WPS) என்ற வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை ஊகித்துவிட முடியும் என்பது 2011இலேயே வெளியாகிவிட்டது.

கடவுச்சொல் எட்டு முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். நம் ஊரில் கைபேசி எண்ணையோ, படகின் பதிவெண்ணையோ வைப்பவர்கள் அதிகம். படகின் பதிவெண் படகின் மேலேயே பெரிதாக எழுதப்பட்டு படகுத்துறையில் நிற்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள். மாறாக, ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதி ஓர் எண்ணையும் சேருங்கள். பனங்கிழங்கு, துடுப்பு, வாசல், மஞ்சள் என்பதுபோல. (இதையே வைத்துவிடாதீர்கள்.) குழந்தைக்கும் நினைவில் நிற்கும், எந்திரத்துக்கும் ஊகிக்கக் கடினம்.

நான்காம் படி: அக்காவின் கேள்விக்கு விடை

இன்றைய பெரும்பாலான ரவுட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்று ஒன்று இருக்கிறது. விருந்தாளிகளுக்குத் தனிப்பெயரும் தனிக் கடவுச்சொல்லும் கொண்ட வேறு வாசல் அது. அதில் இணைபவர்களுக்கு இணையம் கிடைக்கும், உங்கள் கணினியும் கேமராவும் தெரியாது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு அதைக் கொடுங்கள், தேர்வு முடிந்ததும் கடவுச்சொல்லை மாற்றுங்கள். நம் ஊரில் அண்டை வீட்டாருக்கு இல்லை என்று சொல்வது எளிதன்று, சொல்லவும் வேண்டியதில்லை. ஆனால் அந்த வாசல் வழியாக நடப்பதற்கும் பதிவேட்டில் உங்கள் பெயரே இருக்கும். ஆகவே யாருக்குக் கொடுத்தீர்கள் என்பதைத் தேதியோடு அதே நோட்டில் எழுதி வையுங்கள். முகம் தெரியாதவர்களுக்கு அதையும் கொடுக்காதீர்கள்.

ஐந்தாம் படி: மற்றவை

வெளியிலிருந்து இணையம் வழியாக ரவுட்டரின் அமைப்புகளை மாற்ற விடும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ரவுட்டருக்கும் கேமராவுக்கும் மென்பொருள் புதுப்பிப்பு இருந்தால் ஏற்றிவிடுங்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. உங்கள் கணினி 11ஐ ஏற்குமானால் மாற்றிக்கொள்ளுங்கள், ஏற்காவிட்டால் வங்கி வேலைகளை அதில் செய்யாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வீட்டைப் பார்ப்பதற்காகக் கேமரா பொருத்தியவர்கள் அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதையும் பாருங்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஒருவரின் அந்தரங்க உறுப்புகளை அவர் சம்மதமின்றிப் படம் பிடிப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ (66E) பிரிவின்படி மூன்று ஆண்டுவரை சிறைக்கு உரிய குற்றம். அடுத்த வீட்டுக் கிணற்றடி உங்கள் கேமராவில் விழுந்தால் இன்றே திருப்பிவிடுங்கள்.

ஆறாம் படி: பணம் போய்விட்டால் முதல் ஒரு மணி நேரம்

எவ்வளவு பூட்டினாலும், மீன்பிடித் தடைக்கால நிவாரணம் வந்திருக்கிறது என்று ஒரு லிங்க்கோ, கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஒரு செயலியோ கைபேசிக்கு வந்து, வீட்டில் யாரேனும் அதை அழுத்திவிடலாம். அப்படி நடந்தால் அவரைத் திட்டுவதில் நேரத்தைச் செலவிடாதீர்கள். முதலில் இணையவழிப் பண மோசடிகளுக்கான அரசு உதவி எண்ணான 1930ஐ அழையுங்கள். தொகை, நேரம், உங்கள் வங்கிக் கணக்கு எண், யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் தகவல் போனால் அதை நிறுத்தி வைக்க முடியும். அதனால்தான் இதை நிமிடக் கணக்கில் செய்ய வேண்டும். அடுத்து வங்கிக்குச் சொல்லிப் புகார் எண்ணை வாங்குங்கள்.

2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை இங்கே முக்கியமானது. தவறு உங்களுடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை, இடையில் வேறு யாரோ செய்தது என்றால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பில் பொறுப்பே இல்லை என்று அது வகுத்தது. நீங்களே ஓடிபியைச் சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஏற்பட்ட இழப்பு உங்களுடையது, தெரிவித்த பிறகு ஏற்படுவது வங்கியுடையது. எப்படிப் பார்த்தாலும் வெட்கப்பட்டு மறைப்பதால் நட்டம்தான் கூடும். வங்கி முப்பது நாளில் தக்க பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

'டிஜிட்டல் அரெஸ்ட்' செய்திருக்கிறோம், வீடியோ காலை விட்டு நகரக்கூடாது என்று சீருடையில் ஒருவர் மிரட்டினால் இணைப்பைத் துண்டியுங்கள். அப்படி ஒரு கைது இந்தியச் சட்டம் எதிலும் கிடையாது. மகன் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் பெரியவர்களுக்கு இதை நேரில் உட்கார்ந்து சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்புவது போதாது.

ஏழாம் படி: காவல் நிலையத்தில் உங்கள் உரிமை

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் குறித்த தகவலை எந்த எல்லைக்குரிய நிலையத்திலும் கொடுக்கலாம். தொண்டியில் இருப்பவர் ராமநாதபுரத்திலுள்ள சைபர் கிரைம் காவல் நிலையம்வரை வந்துதான் ஆக வேண்டும் என்பதில்லை. மின்னணு வழியில் கொடுத்தால் மூன்று நாளுக்குள் கையொப்பமிட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை உங்களுக்கு இலவசமாகத் தர வேண்டும். பதிய மறுத்தால் அதே புகாரை எழுத்தில் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம்.

உங்கள் வைஃபையை வேறொருவர் பயன்படுத்தியதால் காவலர்கள் உங்கள் வீட்டுக்கு வந்தால் பதறி எதையும் அழிக்காதீர்கள். ரவுட்டரை ரீசெட் செய்தால் அதிலுள்ள பதிவுகள் போய்விடும், உங்களைக் காப்பாற்றக்கூடிய சான்றும் அவற்றோடு போய்விடும். சோதனையையும் கைப்பற்றலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்ய வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 105ஆம் பிரிவு. எடுத்துச் செல்லும் கருவிகளின் பட்டியலில் கருவியின் வரிசை எண் சரியாக இருக்கிறதா என்று பார்த்து நகலைக் கேளுங்கள். வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால் 15100 என்ற எண்ணில் சட்ட உதவி கேட்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமலே அந்த உதவி உண்டு.

அக்காவின் வீட்டில் வேலையை முடித்து, 1930, 15100 என்ற எண்கள் இரண்டையும் பீரோக் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிட்டு வந்தேன். ஒரு வாரம் கழித்து நீங்களும் ரவுட்டர் பக்கத்தைத் திறந்து, கருவிகளின் பட்டியலை வீட்டில் உள்ளவற்றோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தெரியாத பெயர் ஒன்று இருந்தாலும் மூன்றாம் படியை மறுபடி செய்யுங்கள்.