வீட்டுக் கணக்கிலிருந்து தொடங்குதல்: யாழ்ப்பாணத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

திருமுழுக்குப் பெற வந்தவர்கள் "நாங்கள் என்ன செய்யவேண்டும்?" என்று யோவானிடம் கேட்டதையும் அவர் சொன்ன பதிலையும் லூக்கா நற்செய்தியின் மூன்றாம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். இரண்டு அங்கி வைத்திருப்பவர் இல்லாதவருக்கு ஒன்றைக் கொடுக்கவேண்டும், வரி தண்டுபவர் விதித்ததற்கு மேல் வாங்கக்கூடாது, படைவீரர் எவரையும் மிரட்டிப் பணம் பறிக்காமல் தமக்குரிய சம்பளத்தோடு அமையவேண்டும் என்று, கேட்டவரின் தொழிலைப் பார்த்தே அவர் பதில் சொன்னார். விசுவாசத்தை எப்படி வாழ்வது, சமூகத்தை எப்படி மாற்றுவது என்று நமது கூட்டங்களில் எழும் கேள்விக்கு இதைவிடப் பயனுள்ள தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. குடாநாட்டில் நாம் சிறுபான்மையினர். நாம் என்ன போதிக்கிறோம் என்பதை அறியாத அயலவர்கூட, நாம் கூலி கொடுக்கும் விதத்தையும் சம்பந்தம் பேசும் விதத்தையும் நன்றாக அறிவார்கள்.

ஆகவே முதல் வேலை வீட்டுக் கணக்கைப் பார்ப்பது. தோட்டத்தில் வெங்காயம் கிண்ட வருபவரின் கூலியை, லேவியராகமம் 19:13 கேட்கிறபடி, அன்று பின்னேரமே கொடுத்துவிடவேண்டும்; "சந்தைக் காசு வரட்டும்" என்று தவணை சொல்வது அவருடைய இரவுச் சாப்பாட்டில் கைவைப்பதாகும். குருநகரிலோ பாசையூரிலோ படகு வைத்திருக்கும் சம்மாட்டி, எண்ணெய்க்கும் வலைக்கும் எவ்வளவு கழித்தார் என்பதைத் தொழிலாளிகளுக்கு எழுதிக் காட்டியபின் பங்கு பிரிக்கவேண்டும். கந்தோரில் வேலை செய்பவருக்கு, ஏழையின் விண்ணப்பக் கோப்பினை மேசையில் தேவையின்றி ஒரு நாளும் தங்கவிடாதிருப்பதே ஊழியம். இவற்றைச் செய்யாதவர் ஞாயிறு மாலையில் துண்டுப் பிரசுரம் கொடுக்கப் போகாமலிருப்பது திருச்சபைக்கு நல்லது.

இரண்டாவது காரியம் கடினமானது. அதனால்தான் பிரசங்கங்கள் அதைச் சுற்றிப் போகின்றன. ஒரே பீடத்தில் நற்கருணை பெறுகிற நாம், பிள்ளைக்கு வரன் தேடும்போது வெவ்வேறு சாதியாகிவிடுகிறோம். இதில் நமது வரலாறு இரண்டு பக்கமும் உள்ளது. 1816இல் அமெரிக்க மிஷனரிகள் வந்தபின் தெல்லிப்பழை, வட்டுக்கோட்டை, உடுவில் முதலிய ஊர்களில் எழுந்த பாடசாலைகள் அதுவரை எழுத்து எட்டாத பலருக்குக் கல்வியைத் திறந்துவிட்டன என்பது உண்மை. மிஷன் பாடசாலைகளிலேயே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நெடுங்காலம் வாங்கில் இடமின்றி நிலத்தில் இருத்தப்பட்டார்கள் என்பதும் உண்மை. 1920களின் இறுதியில் அரசாங்க உதவி பெறும் பாடசாலைகளில் சமாசனம், அதாவது எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம இருக்கை, வந்தபோது ஊரில் கடும் எதிர்ப்புக் கிளம்பியது. அக்காலத்தில் தீண்டாமைக்கு எதிராக வெளிப்படையாக நின்றவர்கள், 1924இல் தொடங்கிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸைச் சேர்ந்த இளைஞர்கள். அதன் முன்னணியில் இருந்த ஹண்டி பேரின்பநாயகம் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். பிற்காலத்தில் கொக்குவில் இந்துக் கல்லூரி அவரை அதிபராக ஏற்றுக்கொண்டது. ஒரு சைவப் பாடசாலை தன் பிள்ளைகளை அவரிடம் ஒப்படைத்தது என்பதை, செல்வாக்கு எப்படி உண்டாகிறது என்று கேட்பவர்கள் சற்று யோசிக்கவேண்டும்.

பொது இடத்தில் சாதியின் பெயரால் ஒருவரைத் தடுப்பதை 1957ஆம் ஆண்டின் சட்டம் குற்றமாக்கியது. சம்பந்தம் பேசும் விறாந்தைக்குள் அந்தச் சட்டம் வராது. அங்கே வரக்கூடியது மனச்சாட்சி ஒன்றே. எனவே பெற்றோர் செய்யவேண்டியவை இவை. சம்பந்தங்கள் வரத் தொடங்கும் முன்பே, சாதி பார்க்கமாட்டோம், டொனேசன் என்று மாப்பிள்ளை வீட்டார் வாங்கும் பணத்தைக் கேட்கவும் மாட்டோம் என்று பிள்ளையிடம் வாய்திறந்து சொல்லுங்கள், ஏனெனில் தரகர் வந்து குந்தியபின் சொல்ல வாய் வராது. பத்திரிகையில் மணமக்கள் தேவை விளம்பரம் கொடுத்தால், சபையின் பெயருக்குப் பக்கத்தில் சாதியின் பெயரைப் போடாதீர்கள். பெண்ணுக்குச் சொத்தில் உரிமை கொடுப்பது வேறு, மாப்பிள்ளை வீட்டாருக்கு விலை கொடுப்பது வேறு. காணியோ வீடோ எழுதுவதாயின் மகளின் பெயரில், அவளுக்கு விளங்கும்படி உறுதிப் பத்திரம் எழுதுங்கள். உறவினர் கோபிப்பார்கள், சிலர் கலியாணத்துக்கே வரமாட்டார்கள். அந்த இழப்பைக் குடும்பமாக முன்கூட்டியே பேசி ஏற்றுக்கொண்டவர்களே கடைசிவரை நிற்கிறார்கள். ஆலய நிர்வாகக் குழுவும் தன்னைச் சோதிக்கவேண்டும். குழுவில் எந்தக் குறிச்சியார் ஒருபோதும் இருந்ததில்லை, யாருடைய செத்தவீட்டுக்குக் குழுவினர் போய்ச் சாப்பிடுவதில்லை என்ற இரு கேள்விகளை ஆண்டுக் கூட்டத்தில் கேட்டாலே போதுமான வேலை கிடைத்துவிடும்.

சேவைக்கு வருவோம். 1847இல் அமெரிக்காவிலிருந்து வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த டாக்டர் சாமுவேல் கிறீன், உள்ளூர் மாணவர்களுக்கு மேலை மருத்துவத்தை முதலில் ஆங்கிலத்திலும் பின்னர் தமிழிலேயும் கற்பித்தார்; அதற்காக மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். ஆங்கிலத்திலேயே தொடர்ந்திருந்தால் அவருக்கு வேலை எளிதாக இருந்திருக்கும். அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது, தொண்டின் தரத்தைக் குறைக்காமல் அதை மக்களின் கைக்கு எட்டச் செய்யும் பொறுமையே. இதோடு ஒரு கட்டுப்பாட்டையும் சேர்த்துக்கொள்ளவேண்டும்: உதவியோடு சமயத்தைக் கட்டிக் கொடுக்கக்கூடாது. அரிசிப் பொதி கொடுக்கும் நாளில் செபக்கூட்டம் வைக்காதீர்கள். பயனாளிகளின் பட்டியலைக் கிராம அலுவலருடனும், முடிந்தால் அயலிலுள்ள சைவக் கோவில் பரிபாலன சபையாருடனும் சேர்ந்து தயாரியுங்கள். நம் விசுவாசத்தைப் பற்றி ஒருவர் தாமாகக் கேட்டால் மறைக்காமல் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். பசியோடு இருப்பவர் கேட்கும் கேள்வியை மட்டும், அவர் சாப்பிட்டு நிமிரும் வரை ஒத்திவைப்பது மரியாதை. ஒலிபெருக்கியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை: பரீட்சைக் காலத்தில் அது ஆலய வளவுக்கு வெளியே கேட்கக்கூடாது. கோவில்களிலும் சத்தம் வைக்கிறார்களே என்பது நியாயமான முறைப்பாடுதான், ஆனாலும் நம்முடைய ஒலிபெருக்கியின் ஆளி (சுவிட்ச்) நம் கையில் இருக்கிறது.

எதைச் செய்வது என்று தேடி அலையவேண்டியதில்லை. பிள்ளைகள் எல்லோரும் கனடாவிலும் இலண்டனிலும் இருக்க, பெரிய வீட்டில் தனித்திருக்கும் முதியவர்கள் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருக்கிறார்கள். நுண்கடன் தவணைக்குப் பயந்து வீட்டைப் பூட்டிவிட்டுப் பின்வளவில் நிற்கும் பெண்களும் இருக்கிறார்கள். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு வன்னியிலிருந்து வரும் நோயாளியின் துணையாளுக்கு இரவு படுக்க இடம் தேவைப்படுகிறது. பல ஆலய மண்டபங்களோ கிழமையில் ஆறு நாள் பூட்டிக் கிடக்கின்றன. ஒரு சபை இவற்றில் ஒன்றை மட்டும் தெரிந்தெடுத்து, நான்கைந்து பேரைப் பொறுப்பாக்கி, குறைந்தது ஓராண்டாவது விடாமல் செய்யவேண்டும். கடன்பட்டவருக்குப் பணத்தைக் கையில் கொடுப்பதைவிட, ஒப்பந்தத்தைக் கூட இருந்து வாசித்து வட்டியைக் கணக்கிட்டுக் காட்டுவதும், சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்தில் சேர வழிகாட்டுவதும் நெடுநாள் நிற்கும்.

பொதுப் பிரச்சினைகளில் பேசும்போது, விசாரித்து உறுதியானதை மட்டும், பாதிக்கப்பட்டவர்களின் சம்மதத்தோடு, மற்றச் சமயத்தவரையும் சேர்த்துக்கொண்டு பேசவேண்டும். பிரசங்க பீடத்தைக் கட்சிக்குக் கொடுக்கக்கூடாது. காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகளோடு வீதியில் நிற்பது கட்சி வேலையாகாது. இதற்கு விலையும் உண்டு. 2006 ஆகஸ்டில் அல்லைப்பிட்டியில் எறிகணைகள் விழுந்தபோது ஆலயத்தில் தஞ்சமடைந்த மக்களோடு நின்ற பங்குத்தந்தை ஜிம் பிறவுண், அதே மாதத்தில் காணாமற்போனார், இன்றுவரை திரும்பவில்லை. எல்லோரிடமும் அந்தத் துணிவை எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை. ஆனால் தஞ்சம் கேட்டுக் கதவு தட்டப்படும்போது திறப்பதா இல்லையா என்பதை, சபைக் குழு அமைதியான காலத்திலேயே பேசி முடிவுசெய்து வைத்திருக்கலாம்.

கடைசியாக ஒரு நடைமுறை விடயம். வெளிநாட்டு உறவுகள் பணம் அனுப்பினால், உதவி பெறுபவரைப் பொதியோடு நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். அனுப்பியவர் சான்று கேட்டால் பற்றுச்சீட்டுகளை அனுப்புங்கள். ஆண்டிறுதியில் வந்த தொகையையும் செலவான தொகையையும் அறிவித்தல் பலகையில் ஒட்டும்போது, கொடுத்தவரின் பெயரும் வேண்டாம், பெற்றவரின் பெயரும் வேண்டாம்; கணக்கைப் பரிசோதித்தவரின் கையொப்பம் மட்டும் கட்டாயம் இருக்கவேண்டும்.