கடலோர ஊர்த்தோட்டம்: கூட்டாளிகளை எந்த வரிசையில் தேடுவது

ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை ஊர்த்தோட்டம், அதாவது ஊரார் சேர்ந்து வளர்க்கும் காய்கறித் தோட்டம், தொடங்கும் அமைப்புகள் பெரும்பாலும் முதலில் தேடுவது வெளிநாட்டிலிருந்து பணம் தருபவரை. தேட வேண்டியது தண்ணீர் தருபவரை. பணம் வந்தபின் கிணறு உப்பாகிவிட்டால், வெளிநாட்டுக்காரருக்கு அனுப்பப் படம்கூட இருக்காது.

கணக்கைப் பாருங்கள். 10 சென்ட் என்பது சுமார் 405 சதுர மீட்டர். அதில் பாதி பாத்தி, மீதி நடைபாதையும் நிழல்வலையும். 200 சதுர மீட்டர் பாத்திக்குக் கோடையில் நாளுக்கு 5 மில்லிமீட்டர் வேண்டும். அதாவது தினமும் 1,000 லிட்டர். இதைத் தரக்கூடிய கிணறு யாருடையது? பள்ளியா, பள்ளிவாசலா, தேவாலயமா, தனியாரா? அவர்தான் உங்கள் முதல் கூட்டாளி.

ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் தண்ணீரின் உப்பை அளந்துவிடுங்கள். தையில் அளந்து ஏமாறாதீர்கள். மழை முடிந்த கையோடு எல்லாக் கிணறும் இனிக்கும். வைகாசியில் அளப்பதே உண்மை. உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 0.7 டெசிசீமன்ஸுக்குக் கீழே இருந்தால் எதையும் போடலாம். 0.7 முதல் 3 வரை என்றால் பயிரைப் பார்த்துப் போட வேண்டும்: பீன்ஸ், முள்ளங்கி, வெங்காயம் முதலில் கருகும், கொத்தவரையும் தட்டைப்பயறும் தாங்கும். 3-ஐத் தாண்டினால் வேறு கிணறு பாருங்கள். மணல்மேட்டுக் கிணறுகளில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. பெரிய மோட்டாரால் ஒரே மூச்சில் இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். சிறிய மோட்டார் வைத்து, காலை கொஞ்சம் மாலை கொஞ்சம் இறைத்துத் தொட்டியில் சேர்ப்பது என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள்.

இரண்டாவது கூட்டாளி ராமநாதபுரத்தில் இருக்கும் வேளாண் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையம், வேளாண் அறிவியல் நிலையம் போன்றவை. அவர்களிடம் மண், நீர்ப் பரிசோதனையும் பயிர் ஆலோசனையும் கேளுங்கள். உவர் மண்ணா (உப்பு மிகுந்தது) களர் மண்ணா (சோடியம் மிகுந்தது) என்று தெரியாமல் ஜிப்சம் கொட்டுவது இங்கே வழக்கமாகிவிட்டது. ஜிப்சம் களருக்குத்தான், வெறும் உப்பு என்றால் நல்ல தண்ணீரோ மழையோ கழுவி இறக்கினால்தான் போகும். பாத்தியை ஓர் அடி உயர்த்தி, ஐப்பசி மழையை அதில் இறங்க விடுங்கள்.

நிலத்துக்கு வருவோம். நிலம் தருவதாக ஊராட்சித் தலைவர் வாய்மொழியாகச் சொன்னது அடுத்த தேர்தல் வரைதான். கிராம சபை ஆண்டுக்கு 6 நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் தீர்மானம் போட்டு நகல் வாங்குங்கள். ஊருணி, கண்மாய்ப் புறம்போக்கு மட்டும் வேண்டாம்; நீர்நிலையில் வேலி போட்டால் அது ஆக்கிரமிப்பு, தீர்மானம் காப்பாற்றாது. பள்ளி நிலம் என்றால் தலைமையாசிரியரின் சம்மதத்தோடு பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானமும் வேண்டும். பட்டா நிலத்தில் 11 மாத ஒப்பந்தம் போட்டுவிட்டு, மண் தேறியதும் நிலக்காரர் திரும்பக் கேட்கிறார் என்று புலம்பிப் பயனில்லை. 3 ஆண்டுக் குத்தகை எழுதிப் பதிவு செய்யுங்கள். ஓராண்டைத் தாண்டும் குத்தகைக்குப் பதிவு கட்டாயம்.

ஒப்பந்தம் இரண்டு பக்கம் போதும். சர்வே எண், மின் கட்டணம் யார் பெயரில், விளைச்சல் பங்கு, விலகினால் நிற்கும் பயிரும் சொட்டுநீர்க் குழாயும் யாருக்கு, ஆடு புகுந்தால் வேலியை யார் அடைப்பது. கடைசியானதுதான் அதிகம் சண்டை இழுக்கும். சீமைக்கருவேல முள்வேலி மலிவு. ஆனால் மாதம் ஒருமுறை பார்க்க ஆள் வேண்டும். அதை மகளிர் சுயஉதவிக் குழுவுக்கு ஒரு பாத்தி தந்து ஒப்படைத்தால் நிலைக்கும்.

இவ்வளவும் கையில் இருந்தால் வெளிநாட்டுக்கு எழுதலாம். அங்கேயும் முதலில் பணம் கேட்காதீர்கள். சிங்கப்பூரில் தேசியப் பூங்கா வாரியம் 2005 முதல் குடியிருப்புத் தோட்டங்களை ஊக்குவித்து வருகிறது. அந்தத் தோட்டக் குழுக்களில் ஊர்க்காரர் யாராவது இருந்தால் மாதம் ஒரு காணொளிப் பேச்சு போதும். அறிவுப் பரிமாற்றத்துக்கு வெளிநாட்டு நன்கொடை அனுமதி தேவையில்லை. மாதம் ஒரு தாள் அனுப்புங்கள்: எத்தனை லிட்டர் தண்ணீர், பயிர்வாரியாக எத்தனை கிலோ, எத்தனை பேர் வந்தார்கள், ஒரே இடத்தில் நின்று எடுத்த படம். ஐரோப்பியக் கூட்டாளி ஏப்ரலில் விதைப்புப் படம் கேட்பார். நமக்கு நாற்றங்கால் ஆவணி, புரட்டாசியில்; நடவு மழை தொடங்கிய பிறகு. இதை முதல் கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பணம் என்றால் 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் நிற்கிறது. அந்தச் சட்டப்படி பதிவு பெற அமைப்புக்கு 3 வயதாகியிருக்க வேண்டும், கடந்த 3 நிதியாண்டில் முதன்மைப் பணிக்கு 15 லட்சம் ரூபாய் செலவழித்திருக்க வேண்டும். சிறிய அமைப்புக்கு ஏற்ற வழி, ஒரு குறிப்பிட்ட நன்கொடைக்கு முன்அனுமதி. பணம் புது தில்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் இறங்கும். 2020 திருத்தத்துக்குப் பின் நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அனுமதி பெற்ற பெரிய நிறுவனம் வாங்கி உங்களுக்குக் கைமாற்றவும் முடியாது. அவர்கள் தங்கள் சொந்தத் திட்டமாக உங்கள் ஊரில் நேரடியாகச் செலவிடலாம்.

இந்தக் கரையில் இடறுவது வேறு இடத்தில். கீழக்கரை, பனைக்குளத்திலிருந்து வளைகுடா போனவர் இந்தியக் கடவுச்சீட்டோடு, சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது; கடவுச்சீட்டு நகலை வாங்கி வையுங்கள். அவரே அங்கே பதிவான ஊர்ச் சங்கத்தின் அல்லது நிறுவனத்தின் கணக்கிலிருந்து அனுப்பினால் ஆகும். மலேசியக் குடியுரிமை வாங்கிய மாமா அனுப்பினாலும் ஆகும். உண்டியலில் (வங்கிக்கு வெளியே, ஹவாலாவாக) வரும் பணத்தைத் தொடவே வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வரும் இலவசப் பொருளும் இந்தச் சட்டத்துக்குள் அடங்கலாம். விதை என்றால் இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றும் தனியாக வேண்டும். தலைமன்னார் கண்ணுக்கெட்டும் தூரம்தானே என்று படகில் ஒரு பொட்டலம் முருங்கை விதை வாங்கினாலும் இதே அனுமதியும் சான்றும் வேண்டும்.