பழைய கிராபிக்ஸ் கார்ட்: கப்பாசிற்றர் மாற்றத்தான் வேணுமா?

கார்டைக் கழற்றி, நல்ல வெளிச்சத்தில் சரித்துப் பாருங்கோ. தலையில் தயாரிப்பிலேயே கீறல் போட்ட சிறு அலுமினிய டப்பாக்கள், அதாவது மின்னைத் தேக்கி விடும் கப்பாசிற்றர்கள்தான் முதல் சந்தேகம். தலை சற்று உப்பியிருந்தாலோ, கீறல் வழியே மண்ணிறமாய்க் கசிந்திருந்தாலோ, அடி ரப்பர் வெளியே தள்ளி டப்பா சரிந்து நின்றாலோ யோசிக்க ஒன்றுமில்லை, மாற்றுங்கோ. 2000களின் தொடக்கத்துக் கார்டுகளில் இது சர்வசாதாரணம். கீறலே இல்லாத, உள்ளே திரவமில்லாத பொலிமர் வகை உப்புவது அரிது.

யாழ்ப்பாணத்தில் பண்ணை, குருநகர் போன்ற கடற்கரைப் பக்கம் உப்புக் காற்றில் கிடந்த கார்டில் வெள்ளையாய்ப் பூத்திருக்கும். ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்துவிட்டுத் தீர்மானியுங்கோ.

பார்வைக்கு நல்லாயிருந்தும் கேம் ஓடும்போது மட்டும் உறைந்தால் ஈ.எஸ்.ஆர். (கப்பாசிற்றரின் உள்தடை) அளக்கும் மீற்றர் வேணும். ஒரே மின்வழியில் சமாந்தரமாய் நிற்கும் கப்பாசிற்றர்களில் ஒன்றின் பழுதை மற்றது மறைக்கும். ஒன்றையாவது கழற்றி அளக்காமல் மீற்றர் காட்டும் அளவை நம்பவேண்டாம். பவர் போட்டவுடனேயே திரையில் புள்ளியும் கோடும் வந்தால் பெரும்பாலும் மெமரி அல்லது சிப்பின் ஈயப் பற்றவைப்பில் பழுதுதான். கப்பாசிற்றருக்குக் காசு கொட்டாதேங்கோ.

மாற்றுவதென்றால் அதே மைக்ரோபரட் (கொள்ளளவு), அதே அல்லது கூடிய வோல்ற், 105 பாகை செல்சியஸ் வெப்பம் தாங்கும், குறைந்த ஈ.எஸ்.ஆர். வகை. 6.3 வோல்றுக்கு 10 போடலாம், ஆனால் உயரம் கூடினால் விசிறி தட்டும். 85 பாகைச் சாதாரண வகை இதற்குச் சரிவராது. டப்பாவில் கோடுள்ள பக்கம் மறை முனை. பழையதைக் கழற்றமுன் படமெடுத்து வையுங்கோ.