நாசிக் ஒயினரிக்கு முதல் முறை போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

நாசிக்கில் ஒயினரிக்கு, அதாவது ஒயின் தயாரிக்கும் இடத்துக்குப் போவதென்று முடிவானதும் முதலில் பார்க்க வேண்டியது மாதம். அங்கே ஒயின் திராட்சை அறுவடை ஜனவரியில் ஆரம்பித்து மார்ச் வரை போகும். ஐரோப்பாவில் செப்டம்பர், அக்டோபரில் பறிப்பார்கள், ஆனால் நம் நாட்டில் மழைக்காலத்தில் பழம் பழுத்தால் கொடியிலேயே அழுகிவிடும் என்பதால், மழை ஓயும் சமயம் பார்த்துக் கவாத்து செய்து குளிர்காலத்தில் பழுக்க விடுகிறார்கள். பிப்ரவரியில் போனால் கொடியில் பழமும் இருக்கும், உள்ளே பிழியும் வேலையும் நடந்துகொண்டிருக்கும். ஜூலை, ஆகஸ்டில் மலையெல்லாம் பச்சையாக அழகாக இருக்கும், ஆனால் பறிக்கிற, பிழிகிற வேலை எதையும் பார்க்க முடியாது.

கிழமையும் முக்கியம். சனி, ஞாயிறில் மும்பைக் கூட்டம் முழுக்க அங்கேதான். ருசி பார்க்க ஒயின் ஊற்றித் தருகிறவருக்கு உங்களோடு பேச நேரமே இருக்காது, அவரோடு பேசத்தானே இவ்வளவு தூரம் போகிறோம்! வார நாளில், காலை பதினொரு மணி வாக்கில் போங்கள். அக்டோபர் 2 மாதிரி மதுவிலக்கு நாளாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மகாராஷ்டிராவில் ஒயினுக்கு வயது 21, அதனால் அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

எங்கே போவது? கங்காபூர் அணைக்குப் பக்கத்தில் இருக்கும் சூலா ஒயினரியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ராஜீவ் சாமந்த் தொடங்கியது, 2005-லேயே டேஸ்டிங் ரூம் (ருசி பார்க்கும் கூடம்) திறந்துவிட்டார்கள். பெரிய தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க நல்ல இடம். ஆனால் அதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், அதே பக்கத்தில் சோமா, இகத்புரி பக்கம் வலோன் என்று சிறிய இடங்களும் இருக்கின்றன, ஒரு நாளைக்கு ஒன்று பெரியது, ஒன்று சிறியது, அவ்வளவு போதும். மூன்றாவது இடத்தில் நாக்குக்கு எதுவும் தெரியாது.

கணக்கைப் பாருங்கள்: ருசி பார்க்க ஊற்றும் ஒவ்வொரு ஒயினும் 40 மில்லி என்று வைத்தால் ஆறு ஒயினுக்கு 240 மில்லி ஆகிறது. சாதாரணமாக ஒரு கிளாஸ் என்பது 150 மில்லிதான். ஆக, கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தாலும் ஒன்றரை கிளாஸ் உள்ளே போய்விடும். வெறும் வயிற்றில் போகவே கூடாது. டிரைவர் வைத்துக்கொள்ளுங்கள், இதில் சமரசம் வேண்டாம். மேசையில் ஒரு பாத்திரம் இருக்கும், வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத் துப்புவதற்கும் மிச்சத்தைக் கொட்டுவதற்கும்தான் அது. துப்பினால் மரியாதைக் குறைவு என்று நினைக்காதீர்கள், ஒயின் செய்கிறவர்களே அப்படித்தான் ருசி பார்க்கிறார்கள்.

அன்றைக்கு சென்ட் வேண்டாம், தலையில் மல்லிகைப் பூவும் வேண்டாம், வெற்றிலை பாக்கும் மின்ட்டும் வாயில் வேண்டாம். உங்களுக்கு மட்டுமல்ல, பக்கத்தில் நிற்பவருக்கும் மூக்கு அடைபட்டுப்போகும். ஒயினில் பாதிக்கு மேல் மூக்கு வேலைதான்.

கிளாஸைத் தண்டில் பிடித்து, வெள்ளைத் தாளுக்கு மேலே சாய்த்து நிறத்தைப் பாருங்கள். சுற்றாமல் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள், அப்புறம் மேசையிலேயே வைத்து மெதுவாகச் சுற்றிவிட்டு மறுபடி முகருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஆச்சரியமாக இருக்கும். அதற்குப் பிறகு ஒரு சிறு வாய், உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் படவிட்டு, உமிழ்நீர் ஊறுகிறதா (அது புளிப்பு), ஈறு இழுத்துப் பிடிக்கிறதா (அது டானின் என்ற துவர்ப்பு) என்று கவனியுங்கள். பால் சேர்க்காத கடுந்தேநீர் குடித்தால் வாய் காய்ந்துபோகுமே, அதே உணர்வுதான் டானின். சிவப்பு ஒயினுக்குத் தோலோடு ஊறவைப்பதால் நிறமும் துவர்ப்பும் சேர்ந்தே இறங்குகின்றன. வெள்ளைக்குச் சாற்றை முதலிலேயே பிரித்துவிடுகிறார்கள்.

வரிசையை மாற்றாதீர்கள். நுரைக்கும் ஒயின், வெள்ளை, ரோஸே (இளஞ்சிவப்பு), சிவப்பு, கடைசியில் இனிப்பு. இனிப்பை முதலில் குடித்துவிட்டால் அடுத்து வருவதெல்லாம் வெறும் புளிப்பாகத் தெரியும். புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு செனின் பிளாங்க் என்ற வெள்ளை ஒயின் பிடித்துப்போகும், இங்கே பெரும்பாலும் லேசான இனிப்போடு செய்கிறார்கள். இன்னொரு வெள்ளையான சாவிஞ்ஞோன் பிளாங்கில் கொய்யா, பச்சைக் குடைமிளகாய் வாசனையைத் தேடுங்கள். சிவப்பு வகையான ஷிராஸில் மிளகு வாசனை வரும், அது கற்பனையில்லை, மிளகில் இருக்கும் அதே ரோட்டண்டோன் என்ற பொருள் இந்தத் திராட்சையின் தோலிலும் இருக்கிறது. ஒயின் பட்டியலில் வாசனை என்று எழுதியிருக்கும் 'பிளாக்பெர்ரி'யெல்லாம் நீங்கள் சாப்பிட்டே இருக்காவிட்டால் அதைத் தேடிக் கஷ்டப்பட வேண்டாம். நாவல் பழம், புளி, வெல்லம் என்று உங்களுக்குத் தோன்றுவதை போனில் குறித்துக்கொள்ளுங்கள். அப்போதே குறிக்காவிட்டால் நான்காவது கிளாஸில் முதல் கிளாஸ் மறந்துவிடும்.

நான் எல்லோருக்கும் அழுத்திச் சொல்வது ஒன்று: ஒரே திராட்சையில் இரண்டு ஒயினைப் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றித் தரச் சொல்லுங்கள். ஸ்டீல் தொட்டியில் மட்டும் இருந்த ஷிராஸ் ஒன்று, ஓக் பீப்பாயில் மாதக்கணக்கில் இருந்த ஷிராஸ் ஒன்று. தனித்தனியாகக் குடித்தால் 'நன்றாக இருக்கிறது' என்பதைத் தவிர எதுவும் சொல்லத் தெரியாது. இரண்டையும் மாற்றி மாற்றி முகரும்போது பீப்பாய் கொடுத்த வெனிலா, புகை வாசனை தனியாக நிற்கும். இதற்குத் தனியாகக் காசு கேட்டால்கூடக் கொடுக்கலாம்.

சூடும் ருசியை மாற்றும். மேசைக்கு வந்த சிவப்பு ஒயின் கதகதப்பாக இருந்து சாராய நெடி மட்டும் அடித்தால், தயங்காமல் கொஞ்சம் குளிரவைத்துத் தரச் சொல்லுங்கள், 16 முதல் 18 டிகிரி இருந்தால் சரியாக இருக்கும். வெள்ளை ஒயின் ஐஸ் மாதிரி இருந்து வாசனையே வரவில்லையா, கிண்ணப் பகுதியை உள்ளங்கையால் பிடித்து இரண்டு நிமிடம் வைத்திருங்கள்.

ஊற்றித் தருகிறவரிடம் 'எது பெஸ்ட்' என்று கேட்டால் விலை கூடியதைக் காட்டுவார். இந்தத் திராட்சை எப்போது பறித்தது, எத்தனை மாதம் பீப்பாயில் இருந்தது, நீங்கள் வீட்டில் எதைக் குடிப்பீர்கள் என்று கேட்டுப் பாருங்கள், பேச்சே வேறு மாதிரி போகும். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள், 'புளிப்பு அதிகம்' என்றால் அவரே பொருத்தமானதை எடுப்பார்.

வாங்குவதென்றால் கடைசியில், தண்ணீர் குடித்து ஏதாவது சாப்பிட்ட பிறகு, குறிப்பைப் பார்த்து வாங்குங்கள். மாநிலம் விட்டு மாநிலம் மது கொண்டுபோகும் விதிகள் வேறுபடும், தமிழ்நாட்டுக்குக் கொண்டுவர நினைத்தால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். பாட்டிலை வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள், ஒரு மதியமே போதும் கெட்டுப்போக. திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாளுக்குத் தாங்கும், சிவப்பாக இருந்தாலும் ஃபிரிட்ஜிலேயே வையுங்கள்.